தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு நடைப்பயிற்சி

1. வாங்கிலிருந்து சரிந்தவள்

ஜெசிந்தா கிளினிக்கில் இருந்த நீள மர வாங்கிலிருந்து சரிந்தபோது நான் இன்னொரு பெண்ணின் கையில் பிறஷர் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பிடித்திருக்காவிட்டால் ஏழு மாத வயிறு சீமெந்து நிலத்தில் அடிபட்டிருக்கும். ஓடிப்போய் இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தேன். குழலை வயிற்றில் வைத்துக் கேட்டால், குழந்தையின் துடிப்பு வழமையைவிட வேகமாக ஓடியது.

"இது மூண்டாந்தரம் மிஸி. வீட்டில ரெண்டு தரம் விழுந்திட்டாள். நான் ஆரிட்டப் போய்ச் சொல்ல?" என்றா அவளின் மாமியார் சவீனம்மா.

தொண்ணூறுகளின் பின்பகுதி அது. நான் தண்ணீரூற்றுப் பக்கம் மருத்துவமாதுவாக வேலை பார்த்தேன். சனம் எங்களை மிஸி என்றுதான் கூப்பிடும். ஒரு சைக்கிள், ஒரு தோல்பை, ஒரு குழல், தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி. இவ்வளவும்தான் என் ஆயுதங்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் களப்பு என்னும் கடல்நீரேரியை அண்டிய ஒரு தென்னங்காணியில் பிளாஸ்ரிக் தறப்பாள் விரித்துக் கொட்டில் போட்டு இருந்தார்கள். கொட்டில்கள் மரங்களின் கீழ் இல்லை. தேங்காய் விழுந்து தறப்பாள் கிழியும், தலையும் உடையும் என்று மரமில்லாத வெட்டையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். தென்னங்காணிக்குள் இருந்துகொண்டு நிழலில்லாமல் வாழ்ந்த சனம் அது.

ஜெசிந்தாவுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை நீண்ட நேரம் நோப்பட்டு, கடைசியில் சத்தமில்லாமல் பிறந்தது. இந்த முறையும் அப்படி இறுகிப்போனால் ஒப்பரேசன் செய்ய எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். சண்டைக்கு நடுவில் பாதை திறந்திருக்கும் நாளில்கூட அது லேசான பயணம் அல்ல. மூடியிருக்கும் நாளில் கேட்கவே வேண்டாம். அதனால் பதிவு செய்ய வந்த முதல் நாளே அவள் என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"மிஸி, என்ன செய்தால் லேசாப் பிறக்கும்?"

அப்படி வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது என்று சொன்னேன். ஆனால் உடம்பை அசைத்து வைத்திருப்பது நல்லது, ஒவ்வொரு நாளும் நட, வெயிலுக்குள் நடக்காதே, காலையிலும் மாலையிலும் குளிர்ந்த நேரத்தில் நட, தண்ணீர் நன்றாகக் குடி என்று எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ஓம் மிஸி, ஓம் மிஸி" என்று தலையாட்டினாள்.

இப்போது மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் கேட்டேன்.

"நடக்கிறியோ?"

"ஓம் மிஸி. ஒரு நாளும் விடேல்ல."

"வெயிலுக்கையோ?"

"ஐயோ இல்லை. வெயில் என்ர தலையில படுறதே இல்லை."

"தண்ணி?"

"குடிக்கிறனான் மிஸி."

பிறஷர் சரி. கண்மடலைப் பார்த்தால் இரத்தமும் அவ்வளவு குறைவில்லை. காய்ச்சலும் இல்லை. சலம் சோதிக்கப் போத்தலைக் கொடுத்து அனுப்பினேன். வெகுநேரம் கழித்து வந்து, போத்தலை முந்தானைக்குள் மறைத்தபடி நீட்டினாள். அடியில் ஒரு விரற்கடைகூட இல்லை. நிறமோ கடும் தேத்தண்ணி.

எனக்கு ஒரு குணம். கணக்குச் சரிவராவிட்டால் சோறு இறங்காது. என் மனுசன் இதற்கு "மூக்கு நீளம்" என்று பெயர் வைத்திருந்தார். சொன்னதெல்லாம் செய்கிறாளாம், வெயில் படவே இல்லையாம், ஆனாலும் வெயிலில் காய்ந்த ஆளைப்போல விழுகிறாள். அன்று பின்னேரம் முழுக்க அதே நினைப்பு.

2. "படுக்கச் சொல்லுங்கோ"

ஆஸ்பத்திரியில் அப்போது இருந்தது ஒரே டொக்டர். வெட்டுக்காயம், பாம்புக்கடி, மலேரியா, பிள்ளைப்பேறு எல்லாம் அவர் தலையில்தான். மருந்து அலுமாரியில் பாதி வெறுமை. நல்ல மனிதர், ஆனால் நின்று கேட்க அவருக்கு நேரமில்லை. வார்ட்டில் அவருக்குப் பின்னால் நடந்தபடியே விசயத்தைச் சொன்னேன்.

"நடையை நிப்பாட்டுங்கோ. படுக்கச் சொல்லுங்கோ. முழு ரெஸ்ட்" என்றார்.

"டொக்டர், அவள் ஏன் விழுறாள் எண்டு தெரியேல்லையே?"

"மிஸி, இந்த வெயிலுக்கை நான் விழாமல் நிக்கிறதே பெரிசு. போங்கோ, படுக்கச் சொல்லுங்கோ."

சொல்லலாம்தான். ஆனால் படுக்கச் சொன்னால் ஜெசிந்தா கேட்பாளா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. நடந்தால்தான் இந்தப் பிள்ளை உயிரோடு பிறக்கும் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள். பயத்தில் பிடித்த கொம்பை யாராவது சும்மா விடுவார்களா? முதலில் போய் அவள் எப்படி நடக்கிறாள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

3. மண்ணில் ஒரு வட்டம்

அடுத்த நாள் பக்கத்துக் கிராமத்தில் தடுப்பூசி போட்டு முடித்து, திரும்பும் வழியில் அந்தத் தென்னங்காணி முகாமுக்குள் சைக்கிளை விட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சோளகக் காற்று சூட்டை வாரி முகத்தில் எறிந்தது. நாய்கூட வெளியில் இல்லை. ஜெசிந்தாவின் கொட்டில் வாசலில் சாக்குப் படங்கு இறக்கி, அடியில் கல் வைத்து அடைத்திருந்தது. உள்ளே சர், சர் என்று ஒரு சத்தம்.

"பிள்ளை ஜெசிந்தா!"

சத்தம் நின்றது. படங்கைத் தூக்கினாள். முகம் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, சட்டை நனைந்து, மூச்சு வாங்கியபடி நின்றாள். உள்ளே கால் வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது. பாண் சுடும் போறணை அடுப்பின் வாயைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது.

கீழே பார்த்தேன். கொட்டிலைத் தாங்கிய நடுக்கப்பைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம். செக்குமாடு சுற்றின தடம்போல, மிதிபட்டு மிதிபட்டு இறுகிப் பள்ளமாகிக் கிடந்தது.

"இது என்னடி பிள்ளை?"

"நடக்கிறன் மிஸி. நீங்கள் சொன்ன நடை."

"இதுக்குள்ளயோ?"

"வெயிலுக்கை நடக்க வேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. குளிர்ப்பெட்டிக்குள் தடுப்பூசிக்குக் காவலாக ஒரு சின்ன வெப்பமானி இருக்கும். அதை எடுத்து நடுக்கப்பில் தொங்கவிட்டேன். முள் மெல்ல மெல்ல ஏறி நாற்பதையும் தாண்டிப் போனது. பிறகு வெளியே கொண்டுபோய், தூரத்தில் இருந்த ஒரு தென்னையின் நிழலில், காற்றில் பிடித்தேன். முள் பல கோடு கீழே இறங்கி நின்றது. அவளைக் கூப்பிட்டு, உள்ளே முள் நின்ற கோட்டையும் இப்போது நிற்கும் கோட்டையும் காட்டினேன். ஜெசிந்தா வெப்பமானியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப வெயிலை விட நிழல் சூடோ மிஸி?"

"நிழலில்லை பிள்ளை. காத்துப் போகாத இடம். வேர்வை காயாது. உன்ர உடம்பு சூட்டை வெளியில விட ஏலாமல் உள்ளுக்கை அவியும். பிள்ளையும் அதுக்குள்ளதானே இருக்குது?"

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவளை அந்தத் தென்னையடியிலேயே, விழுகிற காயில்லாத பக்கம் பார்த்து இருத்தினேன்.

"காலமையும் பின்னேரமும் நடக்கச் சொன்னனான். ஏன் நடக்கேல்ல?"

எங்களைக் கண்டு வந்த சவீனம்மா அவளை முந்திக்கொண்டு சொன்னா.

"விடியப்புறத்திலயும் பொழுதுபடுற நேரத்திலயும் பிள்ளைத்தாச்சி வெளிக்கிடக்கூடாது மிஸி. கண்டது நிண்டது தொட்டிடும். முதல் பிள்ளை எப்பிடிப் போனது? இவள் கருக்கலில கடற்கரையில நிண்டதாலதான் போனது. எனக்குத் தெரியும்."

அவவின் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆக, நான் சொன்ன இரண்டு நேரமும் அவர்களுக்கு ஆகாத நேரம். பகலில் வெளியே நடந்தால் வெயில். மிச்சம் இருந்தது கொட்டில். கொட்டிலுக்குள் சுற்றுவதை நாலுபேர் பார்த்தால் பகிடி பண்ணுவார்கள் என்று படங்கையும் இறக்கிவிட்டாள். நான் சொன்ன ஒன்றையும் அவள் மீறவில்லை!

இனித் தண்ணீர். பையிலிருந்த போத்தலைத் திறந்து நீட்டினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு மூடினாள்.

"இன்னும் குடி."

"காணும் மிஸி."

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பாய்?"

மாமியாரைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். நான் விடவில்லை. சவீனம்மாவை ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"பிள்ளை, தண்ணி குடிச்சால் எங்க போவாய்?"

அந்தக் கேள்விக்கு அவள் கண் கலங்கியது. கையை நீட்டிக் காட்டினாள். முகாமின் மலசலகூடம் காணியின் மறுபக்கம் இருந்தது. போகும் வழியில் ஒரு பெரிய வேம்பு. அதன் கீழ்தான் ஆண்கள் எல்லோரும் பகல் முழுக்க இருந்து வலை பொத்துவார்கள், கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள்.

"செம்பைத் தூக்கினால் எல்லாருக்கும் தெரியும் மிஸி. ஒருக்காப் போனாலும் பறவாயில்லை. இந்த வயித்தோட எத்தினை தரம் போறது? போன கிழமை ஒருத்தர் 'இப்பதானே போனவா' எண்டு சொல்லிச் சிரிச்சவர். அண்டையில இருந்து நான் பகலில குடிக்கிறேல்ல. விடிய முதலும் இருண்ட பிறகும் மாமியோட போறது, அவ்வளவுதான்."

"மற்றப் பொம்பிளையள்?"

"எல்லாரும் அப்பிடித்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. குடிக்கிறாயா என்று கேட்டேன், குடிக்கிறேன் என்றாள். எப்போது, எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை கிளினிக்கில், எத்தனை பெண்களுக்கு "நல்லாத் தண்ணி குடியுங்கோ" என்று பாடமாக்கின மாதிரிச் சொல்லியிருப்பேன்! எல்லாரும் "ஓம் மிஸி" என்றுவிட்டுப் போனார்கள்.

4. கிடுகும் செபமாலையும்

அருள்தாஸ், அவளின் மனுசன், களப்பில் இறால் பிடிக்கிறவன். அன்று பின்னேரம் அவனைத் தனியே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். அவன் கொட்டில் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்றது?" என்றாள் ஜெசிந்தா உள்ளேயிருந்து.

அவன் அடுத்த நாளே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பெண்களின் கொட்டில்களுக்குப் பின்பக்கம், கிணற்றிலிருந்து எட்டத் தள்ளி, குழி வெட்டித் தென்னோலைக் கிடுகால் அடைத்து ஒரு மறைப்புக் கட்டினான். வேம்படியைத் தொடாமல் போக ஒரு தனிப் பாதையும் விட்டான். அந்தக் கிழமையே முகாமில் தண்ணீர்க் குடங்கள் கெதியாகக் காலியாகத் தொடங்கின. கிணற்றடியில் வரிசை கூடிவிட்டது என்று ஆண்களிடமிருந்து முறைப்பாடும் வந்தது. எனக்கு அந்த முறைப்பாடு நல்ல சங்கீதமாகக் கேட்டது.

டொக்டரிடம் போய் வெப்பமானிக் கதையைச் சொன்னேன். இந்தமுறை அவர் நடையை நிறுத்தினார்.

"அந்தக் கொட்டிலுக்கையோ நான் படுக்கச் சொன்னனான்?" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சரி, நடக்கட்டும். ஆனால் உடம்பு சூடேறக் கூடாது. காத்துப்படுற இடம், வெயில் தணிஞ்ச நேரம், மெல்லிசாப் பருத்தி உடுப்பு. நடக்க முதலும் குடிக்கோணும், நடுவிலயும் குடிக்கோணும், முடிச்சாப் பிறகும் குடிக்கோணும். கதைச்சுக்கொண்டு நடக்க ஏலுமா எண்டு பாருங்கோ. கதைக்க மூச்சு முட்டினால் அது கூடிப்போச்சு எண்டு அர்த்தம். தலை சுத்தினால், வயிறு இறுகினால், நெஞ்சு படபடத்தால் உடன நிப்பாட்டி இருத்துங்கோ. ரத்தமோ நீரோ பட்டால், பிள்ளை துடிக்கிறது குறைஞ்சால் ஒண்டும் யோசியாமல் இஞ்ச கொண்டு வாங்கோ."

எல்லாம் சரி. வெயில் தணிந்த நேரம் என்பது பொழுதுபடும் நேரம் அல்லவா? சவீனம்மாவை எப்படி மசிய வைப்பது? நேரே அவவிடமே போனேன்.

"அம்மா, விடியப்புறத்திலயும் இருண்ட பிறகும் மருமோளை வெளிக்குக் கூட்டிக்கொண்டு போறனீங்கள்தானே? அப்ப ஒண்டும் தொடாதோ?"

"செபமாலையைக் கழுத்தில போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போறனான் மிஸி. மாதா விடுவாவே?"

"வெளிக்குப் போகேக்க காக்கிற மாதா, நடக்கேக்க கண்ணை மூடிக்கொண்டு இருப்பாவோ?"

சவீனம்மா வாயைத் திறந்தா, மூடினா. பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தா.

"மிஸிக்கு வாய் காணாது! சரி, நான் கூடப் போவன். செபமாலை சொல்லிக்கொண்டுதான் நடக்கோணும். அது எண்டால் ஓம்."

டொக்டர் கேட்டதும் இதுதானே! செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தால் மூச்சுக் கணக்கு தானாகத் தெரியும். சவீனம்மா ஒரு பாதி சொல்லுவா, மற்றப் பாதியை ஜெசிந்தா சொல்ல வேண்டும். மறுபாதி இடையில் அறுந்தால், மூச்சு வாங்குகிறது, நில் என்று அர்த்தம். மாமியார் அதற்கு நல்ல காவல். செபத்தில் ஒரு சொல் விழுந்தாலும் பிடித்துவிடுவா.

களப்புக்கரையில் ஈரமண் ஓரமாக, பாதம் நனைகிற தண்ணீரில் நடந்தார்கள். அந்த நேரம் கடல்பக்கமிருந்து காற்றும் வரும். நான் முதல் இரண்டு நாளும் கூடவே போனேன். என் காலையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பகல் முழுக்கச் சைக்கிள் மிதித்த சூடு உள்ளங்கால் வழியே இறங்கிப் போவது தெரிந்தது. அருள்தாஸ் தூரத்தில் வலையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு கிழமையில் இன்னும் மூன்று கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். வரிசையாக வயிறும் செபமாலையுமாகக் கரையோரம் போவதைப் பார்த்து யாரோ திருநாள் தொடங்கிவிட்டது என்று பகிடி விட்டார்கள். சவீனம்மா அவர்களைப் பார்த்த பார்வையில் பகிடி அன்றோடு முடிந்தது.

ஒருநாள் இடையில் ஜெசிந்தாவின் பாதிச் செபம் அறுந்தது. வயிறு இறுகுது என்றாள். உடனே இருத்தி, தண்ணீர் கொடுத்து, இடது பக்கம் சரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இறுக்கம் விட்டது, பிள்ளையும் உதைத்தது. முந்தின ஜெசிந்தா என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு சுற்றுச் சுற்றியிருப்பாள். இப்போது நிற்பதும் பயிற்சியில் ஒரு பங்கு என்று அவளுக்கு விளங்கியிருந்தது. அதன்பிறகு அவள் மயங்கி விழவே இல்லை. சலப் போத்தலும் நிறைந்து வந்தது, நிறமும் தெளிந்தது.

5. யாருடைய அழுகை

நோ தொடங்கியது ஒரு காலைநேரம். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, ஜெசிந்தாவைச் சரித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் அவளை விட்டு விலகவில்லை. மத்தியானம் தாண்டியும் பிள்ளை இறங்கவில்லை. டொக்டர் இரண்டு தரம் வந்து பார்த்து, இரண்டாம் தரம் நேரே வெளியே போனார். வவுனியாப் பாதை அன்று திறந்திருக்கிறதா என்று அங்கே அவர் யாரையோ விசாரிக்கும் குரல் கேட்டது. ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் உடைந்தது.

"மிஸி, இதுவும் அப்பிடித்தானோ?"

"மூச்சை விடு பிள்ளை. கதையாதை. மூச்சை விடு."

பிறகு ஒரு மாதிரி இறங்கத் தொடங்கியது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிள்ளை வெளியே வந்த பிறகும் திறக்கவில்லை. அடுத்த கட்டிலில் அன்று காலை பிறந்த ஒரு குழந்தை இருந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அந்தப் பிள்ளையோ அழுறது?"

"இல்லையடி. உன்ர மகள்."

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். என் முப்பது வருச வேலையில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன். அன்று போல நான் அழுததில்லை.

நடந்ததால்தான் அந்தப் பிள்ளை நல்லபடி பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. அந்த வெக்கைக்குள் அவள் தொடர்ந்து வட்டமடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கத்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் சொல்லும் ஆலோசனை சரியாகவே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் கண்ணுக்கு முன்னால் அதைச் செய்யப்போகிறாள் என்றும் கேளுங்கள். "ஓம் மிஸி" என்பதை மறுமொழியாக எடுக்காதீர்கள்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவ சவீனம்மாதான். பிள்ளை பிறந்த அன்று பின்னேரம் வார்ட்டுக்கு வந்த புது நேர்ஸ் ஒருத்தி, ஜெசிந்தாவின் கட்டிலடியில் நின்று சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"அம்மா, பால் சுரக்கோணும். நல்லாத் தண்ணி குடியுங்கோ."

பேத்தியை மடியில் வைத்திருந்த சவீனம்மா நிமிர்ந்து பார்த்தா.

"குடிப்பாள் பிள்ளை. முதல்ல கக்கூஸ் எங்க எண்டு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ."